என் பெயரில் நின்ற பிணைகள்

முதலில் எட்டுப் பேருக்கு நான் ஆள்பிணை நின்றேன். ஏழு பேர் திரும்பி வந்தார்கள். எட்டாவது ஆள் வரவில்லை. ஒன்பதாவதாகப் போகவேண்டியிருந்தவள் என் மகள்.

இதை எழுத உட்காரும்போதெல்லாம் மகளில் தொடங்க முடிவதில்லை. கை தானாக என் தொழிலுக்குப் போய்விடுகிறது. பிழை அங்கேதான் தொடங்கியது என்பதால் அதன் போக்கிலேயே விடுகிறேன்.

எழுபதுகளில், கணிதத்தில் பட்டம் எடுத்த கையோடு, கொழும்பில் ஒரு வர்த்தக நிறுவனத்தின் கொம்பியூட்டர் பிரிவில் சேர்ந்தேன். அப்போது கொம்பியூட்டர் என்பது ஒரு மண்டபம். அட்டைகளில் துளையிடும் பெண்கள் ஒரு பக்கம், கண்ணாடிக்குப் பின்னால் அலுமாரி அலுமாரியாக இயந்திரம் மறுபக்கம். குளிரூட்டி இயந்திரத்துக்காகப் போட்டது. நாங்கள் சுவெற்றர் அணிந்துகொண்டு வேலை செய்தோம். எட்டு வருடத்தில் அந்தப் பிரிவின் இரண்டாவது ஆளாக வந்துவிட்டேன். முதலாவது ஆள் ஒரு சிங்களவர். அதிகம் கதைக்கமாட்டார். ஒருமுறை சம்பளப் பட்டியல் முழுவதும் பிழைத்துப்போனது. பிழை என்னுடையது. மேலிடத்துக்கு அவர் எழுதிய கடிதத்தை எடுத்து என் பெயரைத் தேடினேன். இல்லை. ‘என்னுடைய பிரிவில் நடந்த பிழை’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் அலுவலக வாசலுக்கும் கூட்டம் வந்தது. உள்ளே தமிழர் யார் என்று கேட்டார்கள். அவர் கையில் தேநீர்க் கோப்பையுடன் இறங்கிப் போனார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போகத் தோன்றவில்லையா, அல்லது வேண்டுமென்றுதான் கொண்டுபோனாரா, எனக்குத் தெரியாது. மேலே இருப்பவர்கள் எல்லாம் என் ஆட்கள், அவர்களுக்கு நான் பொறுப்பு என்று சிங்களத்தில் சொன்னது மாடிப்படியில் இருந்த எனக்குக் கேட்டது. கூட்டம் அடுத்த கட்டிடத்துக்குப் போனது. அன்று பின்னேரம் அவரே என்னையும் கணவரையும் ஆறு வயது மகளையும் அகதி முகாமில் கொண்டுபோய் இறக்கினார். எங்கள் வீடு அதற்குள் எரிந்துவிட்டிருந்தது. இரண்டு கிழமைக்குப் பிறகு கப்பலில் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினோம்.

ஒரு பிரிவின் தலைமை என்றால் என்ன என்று நான் படித்தது அந்த மாடிப்படியில்தான். தன் பெயரை மற்றவர்களுக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பது. வேறு எதுவும் எனக்குத் தெரியாது. வேறு எதுவும் தேவை என்று நினைக்கவும் இல்லை.

நல்லூருக்குக் கிட்ட ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து மூன்று கொம்பியூட்டர்களுடன் ஒரு நிலையம் தொடங்கினேன். காலையில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தோம். பின்னேரம் கூட்டுறவுச் சங்கங்களின் பட்டியல்கள், பள்ளிக்கூடங்களின் புள்ளிப் பட்டியல்கள் அடித்துக் கொடுத்தோம். மூன்று ஒன்பதானது. பதினொரு பேர் என்னிடம் வேலை செய்தார்கள். தொண்ணூறில் சண்டை தொடங்கி மின்சாரம் நின்றது. அதே வருடம் என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அவசரத்துக்கு அகப்பட்டது ஒரு சைக்கிள் மட்டும். ஆள் தப்பவில்லை. இரண்டும் ஒரே வருடத்தில் நடந்ததால் ஊரில் எல்லாரும் நான் நிலையத்தைப் பூட்டிவிடுவேன் என்று நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

பூட்டாமல் விட்டதற்குக் காரணம் ஒரு மனிதர். தொண்டைமானாற்றில் வள்ளங்களின் இஞ்சின் திருத்திக்கொண்டிருந்தவர். கடலுக்குப் போகத் தடை வந்தபின் திருத்துவதற்கு இஞ்சின் இல்லாமல் வேலை தேடி வந்தார். நாற்பது வயதிருக்கும், என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் ஒரு பம்பின் இஞ்சினை எங்கேயோ கிடந்த ஒரு மின்பிறப்பாக்கியோடு பொருத்தினார். நாலைந்து துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். மீற்றரைப் பார்க்கமாட்டார். காதைக் கொடுத்து நிற்பார். “இருமுறார், கொஞ்சம் பொறுங்கோ” என்று இஞ்சினுக்கு மரியாதை கொடுத்துத்தான் சொல்லுவார். பிள்ளைகள் அவரை இஞ்சின் மாமா என்று கூப்பிட்டார்கள். என் மகளும் அப்படித்தான்.

மண்ணெண்ணெய் இருந்த அளவுக்கு ஒரு நாளில் இரண்டு மணித்தியாலம் மின்சாரம். அதனால் காலை முழுவதும் கடதாசியில் வேலை. மாணவர்கள் நிரலைக் கையால் எழுதி, தாங்களே கொம்பியூட்டராக மாறி, வரிவரியாக விரலை வைத்து ஓட்டிப் பார்த்து, பிழை இல்லை என்று பக்கத்தில் இருப்பவர் கையெழுத்து வைத்த பிறகுதான் இயந்திரத்துக்கு முன்னால் இருக்கலாம். இரண்டு மணிக்கு மாமா வெளியே ஒரு இரும்புத் துண்டில் தட்டுவார். ஒன்பது திரைகளும் வெளிக்கும். ஆளுக்குப் பத்து நிமிடம். பிழையோடு வந்தவனின் பத்து நிமிடம் போனது போனதுதான். ஆனால் அவனை யாரும் ஏசக்கூடாது, கையெழுத்து வைத்தவன்தான் எழும்பிப் பதில் சொல்லவேண்டும். இந்த ஒழுங்கை நான்தான் கொண்டுவந்தேன். அதில் எனக்கு நல்ல பெருமை இருந்தது.

றிபன், பிளொப்பித் தட்டுகள், எரிந்துபோன ஒரு பாகம், எது தேவை என்றாலும் யாராவது கொழும்புக்குப் போகவேண்டும். குடாநாட்டை விட்டு வெளியே போவதற்கு அந்த நாளில் அதை ஆண்ட போராளி இயக்கத்தின் அலுவலகத்தில் பாஸ் எடுக்கவேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று இங்கே இருக்கிற ஒருவர் தன் பெயரைக் கொடுத்து ஆள்பிணை நிற்கவேண்டும். ஒருவர் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் நிற்கலாம். போனவர் வந்தால் பெயர் விடுபடும். வராவிட்டால் பெயர் பூட்டு. பிறகு அந்தப் பெயரில் யாரும் போகமுடியாது, பெயருக்குரியவரும் போகமுடியாது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை செவ்வாய்க்கிழமை போய், ஆள் இன்னும் வரவில்லை என்று சொல்லிக் கையெழுத்து வைக்கவேண்டும்.

என் ஆட்கள் யார் போனாலும் நானே நின்றேன். நிலைய வேலைக்குப் போனாலும், சொந்த அலுவலுக்குப் போனாலும். ஏன் போகிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எட்டாவது ஆள் என்னிடம் படித்து என்னிடமே படிப்பிக்க வந்த இளைஞன். எனக்குப் பிறகு நிலையத்தை அவனிடம் விடலாம் என்று நினைத்திருந்தேன். தாயாரின் கண் சத்திரசிகிச்சைக்குப் போகவேண்டும் என்றான். ஒரு மாதம் போதும் என்றான். நான் இரண்டு மாதம் என்று எழுதச் சொன்னேன். போவதற்கு முதல்நாள் இருந்து அடுத்த தவணைக்கான வகுப்பு அட்டவணையைப் போட்டான். திங்கள், புதன், வெள்ளி என்று தன் பெயரையும் அதில் எழுதினான். மூன்று மாதம் கழித்து ஒருவர் கையில் கடிதம் கொடுத்துவிட்டிருந்தான். மன்னிக்கச் சொல்லி. அதற்குள் அவன் நாட்டிலேயே இல்லை.

எல்லாரையும் கூட்டி வைத்து நடந்ததைச் சொன்னேன். அவன் வராமல் விட்டது அவனுடைய பிழை, நான் நம்பினது பிழையில்லை, இனியும் அப்படித்தான் நம்புவேன் என்றேன். கையெழுத்து வைத்தவரை நடுவழியில் விட்டுவிட்டுப் போகிறவன் எந்த நாட்டில் போய் இருந்தாலும் மனிதனில்லை என்றும் சொன்னேன். குரல் நடுங்காமல் சொன்னேன். கடைசி வரிசையில் என் மகள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் மகள் நிலையத்தில் படிப்பிக்கத் தொடங்கினாள். அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த மூன்று பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் இயக்கத்துக்குப் போய்விட்டார்கள். அதில் ஒருத்தி எங்கள் வீட்டில் வந்து சாப்பிடுகிறவள். அவளுடைய தாய் என்னிடம் வந்து, “ஏதும் சொன்னவளோ? உங்கடை பிள்ளையிட்டை ஏதும் சொன்னவளோ?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுப் போனா. மகளைக் கேட்டேன். தெரியாது என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பாயும் தலையணையும் இல்லாமல் வெறும் சீமெந்து நிலத்தில் படுக்கத் தொடங்கினாள். ஏன் என்று கேட்டேன். “வெக்கையம்மா” என்றாள். அது மார்கழி மாதம். நான் போர்வைக்கு மேல் போர்வை போட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

இயக்கத்துக்குப் போக நினைக்கிற பிள்ளைகள் இப்படித்தான் உடம்பைப் பழக்குவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்றிலிருந்து எனக்கு வேறு யோசனை இல்லை. காலையில் அவள் முகம் கழுவப் போனால் கிணற்றுக் கப்பியின் சத்தம் நிற்கும்வரை எண்ணிக்கொண்டிருப்பேன். சத்தம் நின்று அவள் வரப் பிந்தினால் பின்வாசலுக்கு ஓடுவேன். வகுப்பில் அவளுடைய குரல் கேட்கும் தூரத்தில் என் மேசையை மாற்றினேன். வேலை செய்யும் பதினொரு பேரையும் முகத்தைப் பார்த்துப் படிக்கத் தெரிந்த எனக்கு, எதிரே இருந்து சோறு சாப்பிடும் பிள்ளை என்ன நினைக்கிறாள் என்று தெரியவில்லை. கேட்டால் போய்விடுவாள் என்று பயம். கேட்காவிட்டாலும் போய்விடுவாள் என்று பயம்.

அந்த நேரம்தான் சண்டை நின்று பேச்சுவார்த்தை தொடங்கியது. சனங்கள் சந்தோசப்பட்டார்கள். எனக்குக் கண்ணில் பட்டது ஒன்றுதான்: குடாநாட்டை விட்டுக் கடலேரி கடக்கும் கிளாலியில் வள்ளங்கள் பகலில் ஓடின.

கொழும்பில் ஒரு டிப்ளோமா பரீட்சைக்கு எங்கள் நிலையத்தில் இருந்து ஒரு ஆசிரியர் தோற்றவேண்டும் என்று நிலையத்தின் கடிதத் தாளில் எழுதினேன். பரீட்சை உண்மை. மகளை அதற்குப் பதிந்ததும் உண்மை. இரண்டு மாதத்தில் திரும்பி வந்து கடமையை ஏற்பார் என்று எழுதினது பொய். கொழும்பில் என் தம்பி இருந்தான். அங்கிருந்து அவளை இந்தியாவுக்கோ வேறெங்கோ அனுப்புவது என்று மனதில் முடிவுகட்டிவிட்டேன். அவளிடம் பரீட்சை என்றுதான் சொன்னேன்.

ஆனால் என் பெயர் பூட்டியிருந்தது.

ஆள் தேடி அலைந்தேன். சித்தப்பாவின் மகன் இரண்டு நாள் தவணை கேட்டுவிட்டு, மூன்றாம் நாள் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற அதிபர் தன் பெயரை மூத்த மகனுக்கு வைத்திருப்பதாகவும், மனைவியின் பெயர் இளையவனுக்கு என்றும் ஒளிக்காமல் சொன்னார். அவருக்கு என்னில் இரக்கம்தான். “நீங்கள் ஏன் பிள்ளை உங்கடை பேரைக் கண்டவைக்கும் குடுத்தனீங்கள்?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு தாயும் தகப்பனும் தங்கள் பெயரைத் தங்கள் பிள்ளைக்காகப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள். நான் ஒருத்திதான் அதை அலுவலகத்தில் கொண்டுபோய்ச் செலவழித்தவள்.

நான் அலைவது எப்படியோ இஞ்சின்காரருக்குத் தெரிந்துவிட்டது. மண்ணெண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“ஆள் தேடுறியளாம் அக்கா. இஞ்சை நிக்கிற ஆளைக் கண்ணுக்குத் தெரியேல்லையோ?”

உங்களுக்கும் குடும்பம் இருக்கிறதே என்று ஏதோ சொன்னேன்.

“என்ரை பேர் சும்மாதானே கிடக்கு. ஆருக்கும் உதவட்டும்.” பிறகு, கேட்க வெட்கப்படுகிறவர் போலச் சிரித்துக்கொண்டு, “அங்கை கேப்பாங்கள், அதாலை கேக்கிறன். பிள்ளை திரும்பி வருவாள்தானே?” என்றார்.

“ஓம் தம்பி. ரெண்டு மாதத்திலை வந்திடுவாள்.”

“வராட்டில் உங்களைத்தான் இஞ்சின் சுத்த விடுவன்.”

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு நாக்குத் தடுக்கவில்லை.

மாசியில் மகள் போனாள். கொழும்பில் போய்த் திறந்து பார் என்று ஒரு உறையை அவளுடைய பையின் அடியில் வைத்தேன். திரும்பி வரவேண்டாம் என்று சொல்லும் கடிதம். கொழும்பு மாமா சொல்கிறபடி கேள், இங்கே யார் என்ன கேட்டாலும் நான் பார்த்துக்கொள்வேன், அம்மாவை நினைத்து வந்துவிடாதே என்று இரண்டு பக்கம். கிளாலிவரை இஞ்சின்காரர்தான் தன் சைக்கிளில் அவளுடைய பையைக் கட்டிக்கொண்டு கூடப் போனார். நான் போகவில்லை. நின்று பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த இரண்டு மாதம் நான் நித்திரை கொண்டேன். வருடக்கணக்குக்குப் பிறகு விடியும்வரை நித்திரை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

சித்திரையில் சண்டை திரும்பத் தொடங்கியது. மகளுடைய தவணை முடிந்தது. இஞ்சின்காரரின் பெயர் பூட்டு விழுந்தது. அவருக்கும் செவ்வாய்க்கிழமை, எனக்கும் செவ்வாய்க்கிழமை. ஒரே வரிசையில் இரண்டு பேரும் முன்னும் பின்னும் நின்றோம். நான் வராத இளைஞனுக்காக. அவர் வரப்போகாத என் மகளுக்காக. மேசையில் இருந்த பையன் கொப்பியைப் பார்த்துக்கொண்டே, “வரேல்லையோ?” என்று கேட்பான். அவர், “பாதை பூட்டுத் தம்பி, திறந்த உடனை வந்திடும் பிள்ளை” என்று எனக்காகவும் சேர்த்துச் சொல்லுவார். திரும்பி வரும் வழியில் சைக்கிளை மெதுவாக மிதித்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொல்லுவார். பிள்ளை கெட்டிக்காரி, வழி தெரியாமல் நிற்கமாட்டாள், யோசிக்காதேங்கோ. நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு வருவேன். அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டு வருவது சுமை தூக்குவது போல இருந்தது.

அந்த நாட்களில் அவர் மதியத்துக்கு வீட்டுச் சோறு கொண்டுவருவதை விட்டுவிட்டார். கடைப் பாணும் சம்பலும்தான். எப்போதும் வாழையிலைப் பொதியோடு வருகிறவர். நான் கவனித்தேன். மனைவிக்கு என்ன என்று கேட்கவேண்டும் என்று வாய்வரை வந்தது. கேட்டால் கதை வளரும், கதை வளர்ந்தால் மகளில் வந்து நிற்கும் என்று கேட்காமல் விட்டேன். என்னிடம் வேலை செய்கிறவர் ஒருவரின் முகம் வாடியிருந்தால் காரணம் தெரியாமல் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று நான் ஒருகாலத்தில் சொல்லித் திரிந்தேன்.

வைகாசியில் ஒருநாள் பதினொரு மணியிருக்கும். கடதாசி நேரம். வகுப்பில் பென்சில் சத்தம் மட்டும். படலை திறந்தது.

மகள் நின்றாள். வெயிலில் கறுத்து, சட்டையில் உப்புப் படிந்து, நெஞ்சோடு ஒரு பிஸ்கட் ரின்னைப் பிடித்துக்கொண்டு. அதற்குள் பிளொப்பித் தட்டுகள். எழும்பிப் போகவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. கதிரையிலேயே இருந்தேன். பக்கத்து அறையில் இருந்து ஓடிவந்த இஞ்சின்காரர் என்னைப் பார்த்து, “நான் சொன்னனான் எல்லோ அக்கா” என்று சிரித்தார்.

அவள் முதலில் அவரிடம்தான் போனாள்.

“பிந்திப்போச்சு மாமா. வள்ளம் விடேல்லை. ஆறு நாள் கரையிலை நிண்டனான்.”

“அதுக்கென்ன, வந்திட்டாய்தானே” என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று பிள்ளைகள் பகிடி பண்ணினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் குசினியில் வைத்து அந்த உறையை என் கையில் தந்தாள்.

“இதை எரியுங்கோ. மாமாவின்ரை கண்ணிலை படக்கூடாது.”

“ஏன் வந்தனி?”

“மாமா கையெழுத்து வைச்சவர்.”

“வரவேண்டாம் எண்டு எழுதினனான் எல்லோ. வாசிக்கேல்லையோ நீ?”

“ரெண்டு தரம் வாசிச்சனான். முதல் தரம் நீங்கள்தான் எழுதினது எண்டு நம்பேல்லை.” சட்டியில் தண்ணீர் வார்த்துக் கையைக் கழுவினாள். முதுகு எனக்குத் தெரிந்தது. “அண்டைக்கு எங்கள் எல்லாரையும் இருத்தி வைச்சுக் கதைச்சியளே அம்மா. அது மற்றவையின்ரை பிள்ளையளுக்கோ?”

நான் அடித்தேன். பதினெட்டு வயதுப் பிள்ளையை, உப்புக் காயாத தோளில், இரண்டு மூன்று முறை. அவள் தடுக்கவில்லை. பிறகு நான்தான் நிலத்தில் இருந்து அழுதேன். எத்தனையோ சோதனைச்சாவடிகளைத் தாண்டி, கடலைத் தாண்டி, குண்டு விழும் இடத்துக்குள் அவளைத் திருப்பி இழுத்துக்கொண்டு வந்தது நான் மாடிப்படியில் படித்த அந்தப் பாடம். அதை நான்தான் அவளுக்குள் போட்டேன். போட்டுவிட்டு நான் மட்டும் விலகிப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து அவள் பாயில் படுத்தாள், தலையணையோடு. ஏன் என்று நான் கேட்கவில்லை. இயக்கத்துக்குப் போகும் எண்ணம் உண்மையிலேயே இருந்ததா, நான் நிலத்தில் படுத்த பிள்ளையைப் பார்த்து வெருண்டு இவ்வளவையும் செய்தேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த செவ்வாய் இஞ்சின்காரர் போய்ப் பெயரை விடுவித்துக்கொண்டு வந்தார். வந்ததும் வியாழக்கிழமை லீவு கேட்டார். மனைவிக்குப் பாஸ் எடுக்கவேண்டும் என்றார். வயிற்றில் கட்டி. கொழும்புக்குக் கொண்டுபோகச் சொல்லி இங்கே டொக்டர் பங்குனியிலேயே துண்டு எழுதிக் கொடுத்துவிட்டாராம். கூடப் போவதற்கு மனைவியின் தமக்கை ஆயத்தம். பிணை நிற்கப் புருசன்தான் நிற்கவேண்டும்.

“பங்குனியிலையோ? ஏன் தம்பி எனக்குச் சொல்லேல்லை?”

“சொல்லி என்ன செய்யிறது அக்கா, பேர் அங்கையெல்லோ கிடந்தது. சொன்னால் நீங்கள் அவதிப்பட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டிருப்பியள். சண்டைக்குள்ளாலை அது வரவேணும். ஒண்டு இரண்டு மாதம்தானே எண்டு இருந்திட்டன்.”

நான் கூப்பிட்டிருப்பேன் என்று அவர் நம்பினார்.

மனைவி போய்ச் சேர்ந்து ஆடியில் சத்திரசிகிச்சை நடந்தது. ஆவணியில் கடிதம் வந்தது. வாசித்துவிட்டு எனக்கும் சொன்னார். “ஏன் இவ்வளவு பிந்தினனீங்கள் எண்டு டொக்டர் ஏசினவராம். பாதை பூட்டு எண்டு சொன்னவவாம்.” கட்டியை எடுத்தாயிற்று, ஆனால் இன்னும் மருந்து இருக்கிறதாம், ஆறு மாதம் அங்கேயே நிற்கவேண்டுமாம். அவர் இரும்புத் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இரண்டு மணி ஆகியிருந்தது. பிந்தின இரண்டு மாதத்தால் எவ்வளவு நட்டம் என்று யாரிடமும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள்.

மகள் தந்த கடிதத்தை நான் எரிக்கவில்லை. எரிக்கப் போய்த் திரும்பவும் வாசித்தேன். பிறகு எரிக்கலாம் என்று நிலையத்தில் என் மேசை லாச்சிக்குள், வரவு இடாப்புக்கு அடியில் வைத்தேன். அது அங்கேயே கிடந்தது.

ஐப்பசி முடியும் நேரம், இராணுவம் நெருங்கிவர, எல்லாரையும் நல்லூர் உள்ளிட்ட வலிகாமத்தை விட்டு வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மழை. நாவற்குழிப் பாலம் கடக்க எங்களுக்கு ஒரு பகல் முழுவதும் எடுத்தது. முன்னால் நிற்பவரின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது. நான் ஒரு கையால் மகளின் சட்டைத் தலைப்பைப் பிடித்திருந்தேன். அவள் அதை ஒருமுறைகூட விடுவிக்கவில்லை. சாவகச்சேரிக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையின் மூலை கிடைத்தது.

நாலாம் நாள் இஞ்சின்காரர் எங்களைத் தேடிப் பிடித்து வந்தார். சைக்கிளில் ஒரு உரப்பை. எல்லாரும் இங்கே வந்துகொண்டிருக்க அவர் எதிர்ப்பக்கமாக நிலையத்துக்குப் போயிருக்கிறார்.

“மெசினுகளைத் தூக்கேலாது அக்கா. லாச்சியிலை கிடந்த கடுதாசியள் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு வந்தனான்.”

இடாப்பு, மாணவர்களின் சான்றிதழ்கள், கடிதத் தாள்கள். அவற்றுக்கு நடுவில் அந்த உறை. மழையில் நனைந்து ஒட்டு விட்டு வாய் திறந்து கிடந்தது. முன்பே திறந்திருந்ததா, நனைந்து திறந்ததா என்று நான் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தேன். களைத்த முகம். அதில் ஒன்றும் இல்லை. மகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் குந்தி இருந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்.

“மனிசியிட்டைப் போகவேணும் அக்கா. இஞ்சை கிட்டடியிலை புதிசா பாஸ் மேசை போட்டிருக்கிறாங்கள். எனக்கு ஆள் நிப்பியளோ?”

என் பெயர் இன்னும் அந்த இளைஞனுக்காகப் பூட்டிக் கிடந்தது. அது இவரைவிட வேறு யாருக்கும் நன்றாகத் தெரியாது. அதே வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்.

“பழைய கொப்பியள் இன்னும் வந்து சேரேல்லையாம்” என்றார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

மூன்று பேருமாகப் போனோம். ஒரு மரத்தடியில் மேசை. அதில் இருந்தவன் நாள்கணக்கில் நித்திரை இல்லாதவன் போல இருந்தான். புதுக் கொப்பியில் என் பெயரை எழுதினான். வேறு யாருக்கும் நிற்கிறீர்களா என்று கேட்டான். இல்லை என்றேன். ஆள் திரும்பி வருவாரா என்று கேட்டான்.

“ஓம்” என்றேன்.

மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“போட்டு வாறன் அக்கா. வாறன் பிள்ளை” என்று சொல்லி அவர் சைக்கிளை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். அவர் திரும்பி வரவில்லை. வரமாட்டார் என்பது மூன்று பேருக்கும் தெரியும். கடிதத்தை வாசித்தாரா என்பது மட்டும் எனக்குத் தெரியாது. வாசித்துவிட்டுத்தான் என்னிடம் கேட்டார் என்று சில நாள் நினைக்கிறேன். அப்படியானால் அவர் என்னிடம் கேட்டது கடனைத் திருப்பியா, அல்லது நான் சுமக்கக்கூடிய ஒன்றை எனக்குத் தந்துவிட்டுப் போனாரா? இதை யோசிக்கத் தொடங்கினால் சமையலை விட்டுவிட்டு வெளியே போய் நிற்பேன்.

தவணை முடிந்த பிறகு வந்த முதல் செவ்வாய் நான் அந்த மரத்தடி மேசைக்குப் போனேன். போகாமல் விட்டிருந்தாலும் அந்தக் குழப்பத்துக்குள் யாரும் தேடி வந்திருக்கமாட்டார்கள். ஆனாலும் போனேன். மகளும் கூட வந்தாள். வேண்டாம் என்றேன், வந்தாள். வரிசையில் எனக்கு முன்னால் அவர் நின்ற இடத்தில் அவள் நின்றாள்.

எங்கள் முறை வந்தது. மேசையில் இருந்தவன் கொப்பியைப் புரட்டி என் பெயரைக் கண்டுபிடித்தான். நிமிர்ந்து பார்க்காமல், “வரேல்லையோ?” என்றான்.

நான் வாயைத் திறப்பதற்கு முதல் மகள் சொன்னாள்.

“பாதை பூட்டு அண்ணை. திறந்த உடனை வந்திடுவார்.”

குரல் நடுங்கவில்லை. நான் கையெழுத்து வைத்தேன்.